வாவியில் ட்ரவுட் இல்லை, மணலை மீன் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்,

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்திலும் பாலமீன்மடு முகத்துவாரத்திலும் மாலையானால் தூண்டில் றொட்டும் ரீலுமாக நிற்கும் இளைஞர்களைப் பார்த்து, வேலையில்லாதவன் வேலை என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களில் சிலர் இப்போது தாங்களே மரத்தில் பொய்மீன் (இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டும் லூர்) செதுக்கி, பெயின்றைக் காற்றால் விசிறும் எயார் பிரஷ் வாங்கி அதற்கு நிறமும் அடிக்கிறார்கள் என்றதும் சிரிப்பு இன்னும் கூடிவிட்டது. மீனுக்கு எதற்கடா மேக்கப் என்று கேட்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது, நிறம் அடிக்கிறவர்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது.

முதலில் சிரிக்கிறவர்களுக்கு. 2022இல் ரூபாய் விழுந்து, 200 ரூபாயில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது வெளிநாட்டு லூர் வாங்குவது சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத காரியமாகிவிட்டது. கண்டல் வேரிலோ பாலத்துத் தூணடிக் கல்லிலோ ஒருமுறை மாட்டித் தங்கூசி அறுந்தால் அவ்வளவு காசும் தண்ணீருக்குள். கையில் கத்தியும் முருக்கங்கட்டையும் இருக்கிறவன் தானே செய்து பார்ப்பது நியாயம்தானே? இன்று உலகம் முழுக்க விற்கிற ரப்பலா லூரும் கம்பனியில் தொடங்கியதல்ல. 1936இல் பின்லாந்தில் லவுரி ரப்பலா என்ற ஏழை மீனவர் தக்கையைச் செதுக்கி, சொக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசித்தான் தன் முதல் பொய்மீனைச் செய்தார். தன் ஏரியில் பெரிய மீன் எந்தக் குஞ்சைத் துரத்துகிறது என்று பார்த்துப் பார்த்து அதன் மாதிரியைச் செய்தார், அதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருக்கிறது.

நம் இளைஞர்கள் தவறவிடுவதும் அதைத்தான். கையில் உள்ள எயார் பிரஷ் நல்லது, கையும் நல்லது, ஆனால் அடிக்கிற நிறம் குளிர்நாட்டுக் கட்டலொக்கிலிருந்து வருகிறது. பக்கத்தில் இளஞ்சிவப்புக் கோடு போட்டு, மேலே கறுப்புப் புள்ளி வைத்த ரெயின்போ ட்ரவுட்! அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இலங்கையில் ட்ரவுட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளுக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டதுதான். மட்டக்களப்பு வாவிக் கொடுவா அதை எங்கே கண்டது? அது தின்பது மணலைக் குஞ்சு, யப்பான் மீன் குஞ்சு, இறால். கடல் பக்கம் பாரையும் சீலாவும் சூடைக் கூட்டத்துக்குப் பின்னால் ஓடுகின்றன. அவற்றை வரையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மணலையை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். முதுகு பச்சை கலந்த சாம்பல், விலா வெள்ளி, வயிறு வெள்ளை, செதில் வரிசையோடு மங்கலான கோடுகள். முதுகின் கருமை எங்கே முடிந்து வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மேலிருந்து பார்ப்பவனுக்கு அடியிருட்டோடும், கீழிருந்து பார்ப்பவனுக்கு வான வெளிச்சத்தோடும் கலந்து மறைவதற்காக அந்தப் படிப்படியான மங்கல். தூரிகையால் அதைக் கொண்டுவருவது மிகக் கடினம், கோடு விழும், பெயின்ற் தடிக்கும், தடித்த பக்கம் பாரமாகிப் பொய்மீன் சரிந்து நீந்தும். எயார் பிரஷ் மெல்லிய புகையாகப் படிவதால் இந்த வேலைக்கென்றே செய்தது போல் இருக்கிறது. செதிலுக்குப் பழைய நுளம்பு வலைத் துண்டு போதும். வெள்ளி அடித்துக் காய்ந்தபின் வலையை உடம்பில் இறுக்கிப் பிடித்து மேலே கருஞ்சாம்பலை லேசாக விசிறினால், நூல் மறைத்த இடம் வெள்ளியாகவே நின்றுவிடும். கண்ணைப் பெரிதாகப் போடுங்கள். பொய்மீனை ஆட்டி நீந்தவைக்க வாயடியில் நீட்டியிருக்கும் நாக்குத் தகட்டை மட்டும் முதலிலேயே டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

ஆட்டம்தான் முக்கியம், நிறம் இரண்டாவது என்று பழைய தூண்டில்காரர்கள் சொல்வது சரி. நீந்தத் தெரியாத கட்டைக்கு எந்த நிறமும் உதவாது. அதனால் மரத்துக்கு சீலர் பூசி, ஈயம் வைத்து, தண்ணீரில் இழுத்துப் பார்த்து, சரி என்ற பிறகே பெயின்ற் பக்கம் போக வேண்டும்.

பிறகு தண்ணீர். வாவி வருடம் முழுக்க ஒரே தண்ணீர் இல்லை என்பது இங்கே பிறந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழி வெள்ளத்தில் மேட்டு நிலத்து மண்ணெல்லாம் கரைந்து செம்மண் நிறத்தில் ஓடும்போது மணலையின் நுணுக்கமான சாம்பல் யாருக்கும் தெரியாது. அப்போது கறுப்பு முதுகும் பொன்னிறப் பக்கமும், அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சையும் செம்மஞ்சள் வயிறும்தான் சரி, நிழலுருவும் எடுப்பும்தான் அங்கே வேலை செய்யும். கட்டலொக்கில் ஃபயர் டைகர் என்று வரும் இந்தப் பளிச்சென்ற நிறத்துக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது என்றால் அது இந்த மாதங்களில்தான். வெயில் காலத்தில் தெளிந்த தண்ணீருக்கு மணலை நிறம். கடலில் ஆழம் விடுகிறவர்கள் சிவப்பை நம்ப வேண்டாம், தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தைத்தான், சில மீற்றர் இறங்கியதும் சிவப்பு கருமையாகிவிடும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0.3 மில்லிமீற்றர் மூக்கு, சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 இறாத்தல் காற்றழுத்தம், பால் பதத்துக்குக் கரைத்த தண்ணீர் அக்ரிலிக், அடியில் வெள்ளை. நம் ஊர் ஈரக்காற்றில் கொம்பிரசர் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து திடீரென்று துப்பும், எனவே அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் நீர்ப்பொறி இல்லாமல் வாங்காதீர்கள். வெயிலில் நேர்மாறாக ஊசி முனையிலேயே பெயின்ற் காய்ந்துவிடும்.

கடைசியாகப் பூசும் கண்ணாடிப் பூச்சுத்தான் எனக்குக் கவலை. இரண்டு குப்பி எபொக்சியைக் கலந்து தூரிகையால் தடவி, மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரில் கட்டிச் சுற்றவிட்டால் வழியாமல் காயும் (மழை நாளில் செய்தால் பால் படிந்ததுபோல் மங்கும், பொறுத்துச் செய்யுங்கள்). அது போதும். ஆனால் சிலர் சீக்கிரம் காய வேண்டும், மினுங்க வேண்டும் என்று காருக்கு அடிக்கும், ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த கிளியர் என்ற நிறமில்லாப் பூச்சை வாங்கி, கதவைச் சாத்திய அறைக்குள், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு விசிறுகிறார்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். துணியும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும், அது யார் வீட்டில் இருக்கிறது? அக்ரிலிக் தூசிக்குக்கூட நல்ல மாஸ்க் போட்டு, வெளி விறாந்தையில், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் செய்வதே நல்லது.

நகரத்துப் பெயின்ற் கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி: பதினைந்து வயதுப் பொடியன் வந்து சின்ன ரின்னில் கார் கிளியரும் ஹார்ட்னரும் கேட்கும்போது எதற்கென்று விசாரிக்காமலா கொடுக்கிறீர்கள்? அதே தட்டில் தண்ணீர் அக்ரிலிக்கையும் எபொக்சியையும் வைத்தால் அவன் அதை வாங்கிக்கொண்டு போவான், உங்களுக்கும் வியாபாரம் குறையாது.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தூண்டில்கார வாசகன்