கோல்மாரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே திராட்சை வெட்டு முடிந்தது. அங்கே என்ன ரகம் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பிரான்சின் கிழக்கே இந்த அல்சாஸ் பக்கம் ரிஸ்லிங், பினோ கிரி என்று பல உண்டு. உங்களுக்குப் பிடிக்கப்போவது கெவுர்ஸ்ட்ராமினர்தான். வாயில் நுழையாத பெயர். இந்த ஊர்க்காரர்களே கெவுர்ஸ் என்று சுருக்கிவிடுகிறார்கள்.

கொத்து சின்னது, காய்ப்பும் குறைவு. பழத்தோல் ரோஸ் நிறம். ஆனால் வருவது வெள்ளை ஒயின். சாற்றில் நிறம் கிடையாது, பிழிந்ததும் தோலை ஒதுக்கிவிடுகிறார்கள். பழுத்த வரிசைக்குள் நுழைந்தால் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பெட்டி கட்டும் இடத்தில் நிற்பது போலவே இருக்கும். முதலாளியின் மகள் ஒயின் படிப்பு படிக்கிறாள், அவளிடம் கேட்டேன். ரோஜாவிலும் லிச்சிப் பழத்திலும் உள்ள ரோஸ் ஆக்சைடு என்ற மணப்பொருள் இதில் தூக்கலாக இருக்கிறதாம். நம் பன்னீர் மஸ்கட் ஹாம்பர்க் ரகம் என்றதும் சிரித்தாள். மஸ்கட்டுக்கு மணம் தரும் லினலூல், ஜெரானியால் இரண்டும் இதிலும் இருக்கின்றனவாம். இத்தனைக்கும் குடும்பம் வேறு. இது டிராமினர் வகை. வட இத்தாலி மலைப்பக்கத்து டிரமின் என்ற ஊரின் பெயர் அதற்கு.

வளர்ப்பில்தான் நமக்கும் இவர்களுக்கும் ஒத்தே வராது. பந்தல் இல்லை, கம்பி கட்டி வரிசையாக ஏற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்தில் சொட்டுநீரும் கிடையாது. மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுகிறது. பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் கோல்மாரும் ஒன்று. வருஷத்துக்கு ஒரே வெட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கப் பழம் உண்டு என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இந்த ரகம் சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியில் கருகும் ஆபத்து வேறு. பழுக்கும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு சட்டென்று இறங்கும். வெட்டும் நாள் தள்ளிப்போனால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதனால் கடைசி வாரத்தில் முதலாளி தினமும் பழத்தைக் கடித்துக்கொண்டே திரிவார். நீங்களும் அதைத்தானே செய்வீர்கள்! சில வரிசைகளை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்து, பிந்தி வெட்டி, இனிப்பு ஒயினாக்குகிறார்கள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். நானும் ஒரு வாய் பார்த்தேன். முகரும்போது சர்பத் என்று தோன்றும். குடித்தால் காரமும் லேசான கசப்பும். சாராய அளவு 13, 14 சதவீதம் வரும், சும்மா இல்லை. கூடவே மன்ஸ்டர் என்று ஒரு சீஸ் வைக்கிறார்கள். அதன் நாற்றம் எனக்கு ஆகாது.

மருந்து விஷயத்தில் மட்டும் நாம் ஒன்று. நீங்கள் அடிக்கும் அதே மயில்துத்தம், சுண்ணாம்பு போர்டோ கலவைதான். அது 1880களில் இந்த நாட்டு போர்டோ பக்கத்தில் கண்டுபிடித்தது.

குளிர்காலத்தில் கவாத்து. தம்பியிடம் சொல்லி நம் கொடிகளைக் கவாத்து செய்யும்போது வீடியோ எடுத்து அனுப்புங்கள், முதலாளி பார்க்க ஆசைப்படுகிறார். இந்த முறை வியாபாரி கிலோ என்ன விலைக்கு எடுத்தார்?

உங்கள் அன்பு மகன்