கொக்கலையிலிருந்து போன மற்ற இரண்டு விமானங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1942 ஏப்ரலில் யப்பான் இலங்கைமீது நடத்திய குண்டுவீச்சைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைத்ததே பெரிய காரியம். ஆனால் 'இலங்கையைக் காப்பாற்றிய ஒரே விமானி' என்று தலைப்புப் போட்டு, கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சலோடு கதையை முடித்துவிட்டீர்கள். அந்த 'ஒரே' என்ற சொல்லைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 4ஆம் திகதி விடியமுன், காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவியிலிருந்து கிளம்பிய அவரது கட்டலினா என்ற கடல் விமானத்தில் இருந்தவர்கள் 9 பேர். கனடிய விமானப்படையின் 413ஆவது அணி. பிர்ச்சல் இங்கு வந்து இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் ஊர்ந்து, 20 மணித்தியாலத்துக்கு மேலும் கடலுக்கு மேல் நிற்கக்கூடிய விமானம் அது. வேவுக்குத் தோதானது, துரத்த ஆள் வந்தால் தப்பி ஓடமுடியாதது. பின்னேரம், திரும்பவேண்டிய வேளையில், நிலவு எழும்பினால் அதை வைத்துத் தாங்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கலாம் என்று நெவிகேற்றர் கேட்டாராம். அதற்காகத்தான் இன்னொரு சுற்றுப் போனோம் என்று பிர்ச்சல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சுற்றில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 கடல் மைல் தொலைவில், தெற்கே சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போனால் யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை.

செய்தியை மூன்று முறை அனுப்புவது முறை. மூன்றாம் முறை பாதியில் இருக்கும்போது யப்பானியரின் சீரோ சண்டை விமானங்களின் சூட்டில் வானொலிக் கருவி சிதறியது. எரிந்துகொண்டே கடலில் இறங்கிய விமானத்தோடு, கால் துண்டான ஒருவர் அமிழ்ந்துபோனார். படுகாயத்தோடு மிதப்புச் சட்டையில் கிடந்த இருவர் மேலிருந்து சுட்ட சூட்டில் செத்தார்கள். மிச்சம் 6 பேரையும் இசோகாஸே என்ற நாசகாரிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. செய்தி அனுப்பினீர்களா என்று கேட்டு அடி. இல்லை என்றே சாதித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து 'செய்தியைத் திரும்ப அனுப்பு' என்று கேட்க, யப்பானியர் அதைப் பிடித்துவிட்டார்கள். பிறகு விழுந்த அடி வேறு மாதிரி. தங்கள் கட்டுரையில் இது இல்லை. கரையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவர் பாவம், அரைகுறையாக வந்த செய்தியை முழுதாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

'காப்பாற்றிய' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு நெருடல். கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேற அந்தச் செய்தி உதவியது, மறுக்கவில்லை. ஆனால் காக்கவேண்டிய பிரித்தானிய அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படை அப்போது தொலைவில், மாலைதீவின் அட்டு தீவுத்திடலில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நின்றது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை யப்பான் விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தபோது, இரத்மலானை விமானத்தளத்துச் சண்டை விமானங்கள் இன்னும் தரையில். யப்பானியருக்குத் தெரியாத குதிரைப் பந்தயத் திடல் ஓடுபாதைதான் ஓரளவு கைகொடுத்தது. செய்தி கிடைத்ததால் இரவோடிரவாகக் கொழும்பை விட்டுப் போன கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இரண்டையும் அன்று மதியம் நடுக்கடலில் மூழ்கடித்தார்கள். மாண்டவர்கள் 424 பேர்.

இனி விட்டுப்போன இரண்டு. பிர்ச்சலின் செய்தி வந்த அன்றே, அந்தக் கப்பல்களைப் பின்தொடர பிரித்தானிய விமானப்படையின் 205ஆவது அணியின் கட்டலினா ஒன்று கிரஹாம் என்பவரின் தலைமையில் கொக்கலையிலிருந்து போனது. திரும்பவில்லை. ஏப்ரல் 9 காலை, பிர்ச்சலின் அதே 413ஆவது அணியைச் சேர்ந்த ரே தாமஸின் கட்டலினா நகுமோவின் கப்பல்களை மறுபடி கண்டது. செய்தி இடையில் நின்றுபோனது. ஒருவரும் மிஞ்சவில்லை. அதே நாள்தான் திருகோணமலையில் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு தாழ்ந்தது. பிர்ச்சல் 1945 வரை யப்பான் முகாம்களில் கிடந்து, உயிரோடு வீடு திரும்பி, 2004இல் 89ஆவது வயதில் காலமானார். அவருக்குக் கதை சொல்ல வாய் மிஞ்சியது. மற்ற இரண்டு விமானங்களிலும் அதற்கும் ஆளில்லை.

நான் இருப்பது உப்புவெளியில். நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தைத் தாண்டித்தான் சந்தைக்குப் போகிறேன். புல் வெட்டி, பெயர் பொறித்த கற்களைத் துடைத்து, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். கடலோடு போன விமானப்படையினருக்கு அங்கு கல் இல்லை. அவர்களின் பெயர்கள் சிங்கப்பூரில், கிராஞ்சி நினைவுச் சுவர்களில் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் பெரிய மாமியின் வயதைக் கேட்டால், 'யப்பான்காரன் குண்டுபோட்ட கிழமை பிறந்தவள்' என்பதுதான் பதில். சீனக்குடாவில் கூலிவேலை செய்த அப்பப்பா, நிறைமாதமாயிருந்த அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்திருக்கிறார். மாமி பிறந்தது யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டிலில். 'ஒரு மணித்தியாலம் முன்னம் ஆராவது சொல்லியிருந்தால் அந்தச் செப்புக்கிடாரத்தை விட்டிட்டு வந்திருக்கமாட்டன்' என்று அப்பம்மா சாகும்வரை சொல்லுவா.

அடுத்த ஏப்ரலில் இதைத் திரும்பப் பிரசுரித்தால் கிரஹாமுக்கும் தாமஸுக்கும் ஒரு பந்தியாவது ஒதுக்குங்கள். இன்னொன்று: கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது கட்டலினா அல்ல, சண்டர்லாந்து. அதற்கு நான்கு இயந்திரம், கட்டலினாவுக்கு இரண்டுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.