மாமா கடையை எடுப்பதற்கு முன்னால் மரத்தைப் பார்

புக்கிட் ரோத்தான்,
கோல சிலாங்கூர்.

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம். நீ ஜொகூரிலிருந்து அனுப்பிய குரல் பதிவுக்குப் பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். முழுக்கப் பந்து விளையாட்டைப் பேசிவிட்டு, வாலில் மட்டும் "மாமாவோட மளிகைக் கடைய எடுத்துக்கலாம்னு இருக்கேன்டா" என்று தொங்கவிடுகிறவனுக்கு என்ன பதில் போடுவது? இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா?

இப்போது எழுத வைத்தது வேறு செய்தி. ஆற்றோரச் செம்பனைத் தோட்டத்தில், அதுதான் பாமாயில் தோட்டத்தில், அடுத்த வருடம் மறுநடவாம், பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக் கன்று வைக்கப் போகிறார்களாம். தோட்டத்து ஆபீஸ் கணக்கர், நம்ம சின்னக் கிராணி சொன்னார், அவர் சும்மா பேசுகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் நட்ட பிளாக்குகள், ஏறக்குறைய 300 ஹெக்டர், சாய்க்கப் போகிறார்கள். மாமா இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மறைக்கிற மனுஷர் அல்ல அவர். பசியாறும்போதே பேப்பரில் செம்பனை எண்ணெய் விலையைப் பார்ப்பார், ஏறியிருந்தால் கடையும் ஏறும் என்று நம்புவார். கடைத்தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 2022ஐ நினைத்துப் பார். மார்ச்சில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 7,000 வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி, மே 23இல் திறந்துவிட்டது. செப்டம்பருக்குள் 4,000க்குக் கீழே வந்தாயிற்று. 7,000 இருந்தபோது நம் கடைத்தெரு செழித்ததா? கோவிட்டில் வெளிநாட்டு ஆட்கள் வரவு நின்றுபோய், வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகிய காலம் அது. தோட்டத்துக் கம்பெனிகளுக்கு லாபம் வந்தது, தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அரிசி வாங்க வாய் வேண்டுமே! நம் ஊர் மளிகைக் கடை பிழைப்பது லயத்தில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை வைத்துத்தான்.

மறுநடவு அந்த அடுப்பைத்தான் அணைக்கும். பழைய மரத்தை எக்ஸ்கவேட்டர் சாய்த்து, தண்டைத் துண்டு போட்டு வரிசையாகப் பரப்பும். பெரிதாக விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும் என்பதால் சின்னச் சின்னத் துண்டாக. பிறகு மூடுபயிர், பிறகு ஹெக்டருக்கு 136 கன்று. எல்லாம் குத்தகைக்காரர் வேலை. நாலு இயந்திரம், பத்து ஆள், சாப்பாட்டையும் வெளியிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். கன்று வைத்து 30 முதல் 36 மாதம் கழித்துத்தான் முதல் அறுவடை, அதுவும் சின்னக் குலை. நல்ல விளைச்சலுக்கு ஏழெட்டு வருடம் ஆகும்.

கணக்காகவே போடுகிறேன். வெட்டுகிற ஆள் ஒருவர் 15 முதல் 20 ஹெக்டர் பார்ப்பார். 300 ஹெக்டர் போனால் வெட்டு ஆள் பதினைந்து இருபது பேர். உதிரிப் பழம் பொறுக்குவோர், உரம் போடுவோர், டிராக்டர்காரர் எல்லாம் சேர்த்தால் முப்பது பேர் தோட்டத்தின் வேறு டிவிஷனுக்கோ வேறு மாநிலத்துக்கோ போய்விடுவார்கள். ஆளுக்கு மாதம் 350 வெள்ளி மாமா கடையில் வாங்குகிறார்கள் என்று வை. 10,500 வெள்ளி வியாபாரம் காணாமல் போகும். மொத்த லாபம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் மாதம் 1,260. மூன்று வருடத்தில் 45,000 வெள்ளிக்கு மேல். மாமா கேட்கிற தொகையிலிருந்து முதலில் கழிக்க வேண்டியது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஜாதகம் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பிளாக் முனையிலும் பலகை இருக்கும், அதில் நட்ட வருடமும் ஹெக்டரும் எழுதியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் சுற்றி எல்லாப் பலகையையும் படம் எடு. 25 வயதை நெருங்கிய பிளாக் எல்லாம் சந்தேகம். மரம் 40 அடியைத் தாண்டினால் கம்பில் கட்டிய அரிவாளோடு மல்லுக்கட்ட யாருக்கும் முடியாது, விளைச்சல் இருந்தாலும் சாய்த்துவிடுவார்கள். மெயின் ரோட்டை ஒட்டிய பிளாக் என்றால் இன்னொரு கேள்வி: மறுபடி நடுவார்களா, வீடு கட்ட விற்பார்களா? விற்றால் லயமே போகும். புது வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் மினிமார்ட்டுக்குப் போவார்கள், மாமா கடைக்குக் கறிவேப்பிலை வாங்க மட்டும் வருவார்கள்.

விலை யாரையுமே தொடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்ற தரை இருக்கிறது. சிறுதோட்டக்காரருக்கு எந்தத் தரையும் கிடையாது. ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று செம்பனை எண்ணெய் வாரியம் அறிவிக்கிற விலையை, குலையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கும் என்ற எடுப்பு விகிதத்தால் பெருக்கித்தான் குலைக்குக் காசு. 40 வெள்ளி, 20 விழுக்காடு என்றால் டன் 800. விலை சரிந்தால் அந்த மாதமே பை சுருங்கும். அவர் முதலில் நிறுத்துவது சாப்பாட்டை அல்ல, உரத்தை. உரம் நிறுத்தினால் உடனே தெரியாது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துக் குலை குறையும். அதற்குள் விலை திரும்ப ஏறியிருந்தாலும் விற்கப் பழம் இருக்காது. ஆகவே சிறுதோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும்போது இன்றைய விலையைப் பார்க்காதே, போன வருடம் உரம் போட்டாரா என்று கேள். நம்ம கண்ணாடி அண்ணன் மாதிரி ஆட்கள் பொய் சொல்வார்கள், நீயே போய் மட்டையின் நிறத்தைப் பார்.

பருவத்தையும் மறக்காதே. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பழம் கொட்டும், தீபாவளி அதன் வாலில் வரும், கடைக்கு அதிர்ஷ்டம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை காய்ந்துபோகும். அந்த மூன்று மாதத்துக்கான வாடகையைத் தீபாவளிக் காசிலேயே எடுத்து ஒதுக்கி வை. தொடவே தொடாதே.

இனி கடன் கணக்கு எழுதுகிற 555 புத்தகம். மாமாவின் அலமாரியில் ஒரு கட்டு இருக்கும். "வரவேண்டியது இவ்வளவு" என்று சொல்லி அதையும் சேர்த்து உன் தலையில் கட்டுவார். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார். கடந்த இரண்டு மாதத்தில் கொஞ்சமாவது கட்டியவர்களின் கடனை மட்டும் பணமாக எடுத்துக்கொள். 90 நாள் தாண்டியதைப் பூஜ்யம் என்று எழுது. தோட்டத்தை விட்டே போனவன் பெயர் புத்தகத்தில் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். வேலை பெர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்கிற வெளிநாட்டு ஆள் எந்த மாதத்திலும் போகலாம். முன்பு சம்பள நாளில் ஆபீஸ் வாசலிலேயே கடைக்காரர்கள் உட்கார்ந்து வசூல் பண்ணுவார்கள். இப்போது சம்பளம் பேங்கில் விழுகிறது, விழுந்த ராத்திரியே போனைத் தட்டி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம்தான் உனக்கு. அதனால் ஆளுக்குக் கைச்சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடன் ஏற விடாதே. பழையதைக் கட்டாமல் புதுசு கிடையாது. பாஸ்போர்ட்டை மட்டும் அடமானமாக வாங்கி வைக்காதே, குற்றம் அது. முன்னாளில் பலர் செய்தார்கள் என்று மாமா சொல்வார், கேட்காதே.

ஆள் மாறும்போது சரக்கும் சாகும். இந்தோனேசியர்கள் இருந்தவரை இனிப்புக் கிச்சாப்பும் பெலாச்சானும் ஓடியது. வங்காளதேசத்து ஆட்கள் வந்ததும் கடுகெண்ணெய், மைசூர்ப் பருப்பு, பொரி. நாளை யார் வருவார்கள்? அது குத்தகைக்காரருக்கே தெரியாது. அந்த மாதிரிச் சரக்கை இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்காதே, பெட்டி விலையில் தள்ளுபடி கொடுத்தாலும் சரி. கடையை எடுக்கும் நாளில் ஒவ்வொரு தட்டிலும் காலாவதித் தேதியைப் பார்த்து எண்ணு. மாமாவுக்கு முகம் சுருங்கும். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினால் சுருங்காது.

நான் ராத்திரி தூங்காமல் யோசித்தது பணச் சுழற்சியைப் பற்றித்தான். மாதம் 60,000 வியாபாரம் என்று வை. கொள்முதல் சுமார் 52,800. கிள்ளான் மொத்தக் கடைக்காரர் மாமாவுக்கு 30 நாள் தவணை தருகிறார், அது முப்பது வருடப் பழக்கத்துக்கு. உனக்கு 14 நாள்தான் தருவார். அந்த 16 நாள் வித்தியாசத்துக்கு மட்டும் 28,000 வெள்ளி உன் கையிலிருந்து போட வேண்டும். ஊரில் 40 விழுக்காடு கடன் வியாபாரம் என்றால் சம்பள நாளுக்கு முந்தின வாரம் இன்னொரு 24,000 வெளியே நிற்கும். கடை லாபத்தில் ஓடும்போதே கல்லா காலியாக இருப்பது இப்படித்தான். அந்த நேரத்தில்தான் கரண்டு தூணில் நம்பர் ஒட்டிய வட்டிக்காரன் ஞாபகத்துக்கு வருவான். அவனைக் கூப்பிடாதே. இந்தியச் சிறுவியாபாரிகளுக்கு அரசாங்கம் தருகிற தெக்குன் ஸ்பூமிக் கடனுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு, பணம் கைக்கு வர நாளாகும். கடையை எடுத்த பிறகு ஓடாதே.

இதன் மேல் விலை ஆட்டம் வேறு. 2023இல் இந்தியா ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது, ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டது, டிசம்பரில் வெங்காயத்தை நிறுத்தியது. 2024 மே மாதம் வெங்காயத்தைத் திறந்தது. ஏறும்போது மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டவன் இறங்கும்போது என்ன ஆனான்? வெங்காயம் வேறு முளைத்துவிடும். ஏறுகிற காலத்தில் அளவைக் குறை, அடிக்கடி வாங்கு, பழைய சரக்கையும் புது விலைக்கே விற்றுவிடு. இல்லாவிட்டால் அடுத்த மூட்டை வாங்கக் காசு பத்தாது. சீனியும் பாக்கெட் எண்ணெயும் கட்டுப்பாட்டு விலை, அதில் உனக்குச் சில காசுதான் நிற்கும். மசாலா, கருவாடு, பூஜைச் சாமான் பக்கம்தான் லாபம். மினிமார்ட் தொடாததும் அதுதான்.

ஆள் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டிலிருந்து ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கிற கடைக்கும் 1,700 வெள்ளிதான் குறைந்தபட்சச் சம்பளம். உன் பங்காக சேமநிதி ஈபிஎஃப் 13 விழுக்காடு, தொழிலாளர் காப்புறுதி சொக்சோ எல்லாம் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 1,950 ஆகும். பன்னிரண்டு விழுக்காட்டு லாபத்தில் அந்த ஒருவருக்காக மட்டும் 16,000க்கு மேல் விற்க வேண்டும். மாமா வைத்திருப்பது இரண்டு பேர். முனியம்மா அக்காவை விடாதே, கடன்காரர்கள் எல்லோருடைய வீடும் அவருக்குத்தான் தெரியும். இன்னொரு இடத்தில் நீ நில்.

கடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. நீ வந்தால் எனக்குத்தான் சந்தோஷம், சாயங்காலம் பேச ஆள் கிடைக்கும். சரக்கைக் கொள்முதல் விலைக்கு, எண்ணிப் பார்த்து எடு. 555ஐ நான் சொன்ன மாதிரி எடு. கடையின் "பேருக்கு" என்று தனியாகத் தொகை கேட்டால் மறுநடவுக் கணக்கைக் காட்டு. கட்டட உரிமையாளரிடம் மூன்று வருடம் மொத்தமாகக் கையெழுத்துப் போடாமல் வருடத்துக்கு ஒன்றாகக் கேள், இரண்டு மாத முன்னறிவிப்பில் விடுகிற வசதியோடு. மாமாவை ஆறு மாதம் காலை நேரத்தில் கடையில் உட்காரச் சொல். மொத்தக் கடைக்காரர் அவர் முகத்துக்காக 30 நாள் தவணையைத் தொடர்வார்.

பலகைப் படங்களை நான் எடுத்து அனுப்புகிறேன், பாதி எடுத்தாயிற்று. நீ மாமாவிடம் கடைசி ஆறு மாத மொத்தக் கடை பில்லும் வாடகை ஒப்பந்த நகலும் கேட்டு வாங்கு. பில் வந்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கலாம். குரல் பதிவு அனுப்பாதே, எழுது.

உன்
ராஜூ