லெபனானும் இலங்கையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

லெபனானையும் இலங்கையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவோர், முன்னது 2020 மார்ச்சிலும் பின்னது 2022 ஏப்ரலிலும் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் கைவிரித்ததை மட்டுமே பார்க்கிறார்கள். கொழும்பில் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோர் பட்ட பாடு சிறிதன்று. எனினும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தபின் விலையேற்றம் தணிந்தது. லெபனான் தலைநகர் பெய்ரூட்டிலோ, 1997 முதல் டாலருக்கு ஏறத்தாழ 1,500 லெபனான் பவுண்டாக நிறுத்தப்பட்டிருந்த நாணய மதிப்பு 89,500 வரை சரிந்ததோடு, மக்கள் வங்கியில் போட்ட சொந்தப் பணத்தையே எடுக்க முடியாமல் போயிற்று. 2022 அக்டோபர் இறுதி முதல் 2025 ஜனவரி வரை குடியரசுத் தலைவரே இல்லாத நாட்டில், நாணய நிதியத்துடன் செய்த முதற்கட்ட உடன்பாடு முடங்கிக் கிடந்ததில் வியப்பென்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி