ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்தால் கார் ஓட்டக் கற்றதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 46 வயது. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கிறோம். இருபது வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், தீபாவளி நேரத்து விளக்குத்தூண் கூட்டத்தில்கூடப் புகுந்து வந்துவிடுவேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று ஆன பிறகுதான் கார் பழகியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். விடிகாலையில் ஆட்டோவுக்குக் காத்து நிற்பதையும், துவண்டுபோய் வெளியே வருகிறவரை அதில் குலுக்கிக்கொண்டு வருவதையும் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் எடுத்துவிட்டு ஒரு பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டினேன். 15 நாள், தினம் அரை மணி நேரம் என்றார்கள். வண்டியில் ஏறினால் பின்சீட்டில் இன்னொருவர் இருப்பார், பாதி நேரம் அவருக்கு. ஆக ஒரு நாளைக்கு எனக்குக் கால் மணி நேரம். 15 நாளையும் கூட்டினால் நாலு மணி நேரம்கூட வரவில்லை. அதிலும் பெரும்பகுதி ரிங் ரோட்டில் நேராகப் போய்த் திரும்பி வந்ததுதான். கற்றுக்கொடுப்பவர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவ வைத்தது அது. ஆனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அவர் கால் அதை விட்டு எடுக்கவே இல்லை, நான் பிடித்தது ஸ்டீயரிங் மட்டும். ரிவர்ஸ் ஒரே ஒரு நாள். மேட்டில் நிறுத்தி எடுப்பது ஒரு நாள்கூட இல்லை.

டெஸ்டில் பாஸாகி லைசென்ஸும் வந்துவிட்டது.

அப்புறம் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிய முதல் நாளே தெற்குவாசல் பாலத்தின் ஏற்றத்தில் டிராஃபிக் நின்றது. கிளட்சை விட்டதும் வண்டி அணைந்துவிட்டது, பின்னாலும் உருள ஆரம்பித்தது. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரத் தம்பி ஓடிவந்து, "அக்கா, முதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்று வண்டியை எடுக்க வைத்தார். ஒரு அடி இடைவெளியில் தப்பித்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் தோளில் வைத்த கையை வீடு வரும்வரை எடுக்கவும் இல்லை.

என் சித்தப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தனை மணி நேரம் ஓட்டின?" என்பதுதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 31ஆவது விதியை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொந்த உபயோகக் கார் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, கையில் வண்டியைக் கொடுத்து ஓட்ட வைக்கிற நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஓட்டிய நேரத்தை எழுதி வைப்பதற்கென்று படிவம் 15 என்ற பதிவேடே இருக்கிறது. எனக்கு ஓட்டக் கிடைத்த நேரம் அந்த 10 மணி நேரத்தில் பாதிகூட இல்லை, நானும் கேட்கவில்லை, இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாதே!

அதன் பிறகு ஆறு வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குச் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, ஊருக்குள்ளேயே பழகினேன். பழைய மதுரையைப் போல வண்டி பழக ஏற்ற ஊர் கிடையாது என்பது அவர் கட்சி, இப்போது என் கட்சியும் அதுதான். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள், ஒரு சுற்றுக்கு நாலு முனை. முதலில் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற வெளி வீதிகள். வெள்ளைக்காரர் ஆட்சியில் பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துப் போட்டவை என்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். அது பழகியதும் மாசி வீதிகள், கடைசியாகத்தான் ஆவணி மூல வீதிகள். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டி போகாது. மாசி வீதி முனை ஒவ்வொன்றிலும் சித்தப்பா சொல்வது ஒன்றேதான்: "சித்திரைத் தேர் இங்கதான் திரும்புது. முட்டுக்கட்டை போடுறவங்க அவசரப்பட்டு நீ பார்த்திருக்கியா? நீயும் நின்னு, பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பு." கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியை மெதுவாக நகர்த்தும் ஹாஃப் கிளட்ச் என்றால் என்னவென்று என் காலுக்குப் புரிந்தது அந்த முனைகளில்தான். தெற்குவாசல் ஏற்றத்தில் மட்டும் முப்பது தடவையாவது நிறுத்தி எடுத்திருப்பேன்.

எல்லோருக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருக்க மாட்டார். அதனால்தான் எழுதுகிறேன். பயிற்சிப் பள்ளிகள் அந்த 10 மணி நேரத்தை முழுசாகக் கொடுக்க வேண்டும், அன்றன்றைக்கு ஓட்டிய நேரத்தைக் கற்றுக்கொள்கிறவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், அதிகாரிகள் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த 10 மணி நேரத்தில் இரண்டு மணி நேரமாவது ஊருக்குள், ஒரு பாலத்து ஏற்றத்தில், கற்றுக்கொடுப்பவர் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு நடக்கட்டும். கூட்டம் இல்லாத காலை நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போகலாம். முன்னும் பின்னும் 'எல்' போர்டு, பக்கத்தில் கற்றுக்கொடுப்பவர் என்று இருந்தால் சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. சாலையில் வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், 'எல்' போர்டு வண்டி நின்றுவிட்டால் பின்னாலிருந்து ஹாரன் அடிக்காதீர்கள். அடித்தால் கை கால் நடுங்கி இன்னொரு தடவை அணைந்துதான் போகும்.

அடுத்த வாரம் என் அக்கா மகள் கார் வகுப்பில் சேர்கிறாள். தினம் எத்தனை நிமிடம் ஓட்டினாள் என்று எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தெற்கு மாசி வீதி, மதுரை.