டால்பி, டி.டி.எஸ். ஒலி ஒப்பீட்டைச் சமமற்ற ஒலியளவில் காட்டியது குறித்த புகார்

அனுப்புநர்:
மைக் செட் தொழில் செய்யும் வாடிக்கையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

சென்ற மாதம் நாகர்கோவிலில் உள்ள தங்கள் விற்பனையகத்தில், ஒரே டிவிடியின் ஒரே காட்சியை முதலில் டால்பி டிஜிட்டலிலும் பிறகு டி.டி.எஸ்.ஸிலும் (இரண்டும் படத்தின் ஒலியைச் சுருக்கிப் பதியும் முறைகள்) போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது எடுப்பாகக் கேட்டதை நம்பி, டி.டி.எஸ். வசதிக்காகவே 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து விலை கூடிய ரிசீவரை (டிவிடியின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) வாங்கினேன். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் இருபது ஆண்டுகளாக மைக் செட் போடுகிறவன் நான். சத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்தால் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் கேட்கும் என்று அறிந்திருந்தும் ஏமாந்தது மனதை வருத்துகிறது.

அதே டிவிடியை வீட்டில் போட்டு, உட்காரும் இடத்தில் ஒலி அளவுமானியை வைத்துப் பார்த்தபோது டால்பி ஒலித்தடம் 4 டெசிபல் குறைவாக இருந்தது. இது டால்பியின் குறையன்று. அந்தத் தடத்தில் உரையாடலின் அளவைக் குறிக்கும் 'டயல்நார்ம்' என்ற எண் பதிவாகியிருக்கும். அது மைனஸ் 27 டெசிபல் என்றிருந்தால், உரையாடலை மைனஸ் 31 டெசிபலுக்குக் கொண்டுவர ரிசீவரே 4 டெசிபல் குறைத்துவிடும். இந்த டிவிடியின் டி.டி.எஸ். தடத்தில் அத்தகைய குறைப்பு இல்லை.

ஆகவே, மழை விட்ட ஓர் இரவில் (எங்களுடையது ஓட்டு வீடு, மழை பெய்தால் எதுவும் கேட்காது) டால்பிக்கு 4 டெசிபல் கூட்டி இரண்டையும் சமப்படுத்திக் கேட்டேன். ரிசீவரின் முகப்பைத் துண்டால் மூடி, டிவியையும் அணைத்துவிட்டோம். காசைச் சுண்டி, விழுந்தபடி தடத்தையும் ஒலியளவையும் என் மைத்துனர் மாற்றினார். படத்தில், பின்பக்க ஸ்பீக்கர்களில் மழைச் சொட்டுகள் தனித்தனியாக விழும் இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டும், 20 முறையில் 11 முறைதான் சரியாகச் சொல்ல முடிந்தது. கேட்காமலே ஊகித்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

டி.டி.எஸ். மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டால்பியின் நொடிக்கு 448 கிலோபிட்டைவிட டி.டி.எஸ்.ஸின் 754 கிலோபிட் பெரியது, எனவே தெளிவும் அந்த அளவுக்குக் கூடும் என்று தங்கள் விளம்பரத் தாள் கூறுவது தவறு. சுருக்கும் முறையே வெவ்வேறாக இருக்கும்போது பிட் கணக்கை மட்டும் வைத்துத் தரத்தை அளக்க இயலாது.

எனவே ரிசீவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதைவிட விலை குறைந்த மாடலைத் தந்து 6,000 ரூபாயைத் திருப்பித் தருமாறும், இனி கடையில் ஒலியளவைச் சமப்படுத்திய பின்னரே ஒப்பிட்டுக் காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்