கட்டண ரசீதில் இருந்த அந்த 450 ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 19 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதோடு, வருமானச் சான்று, ஓய்வூதிய மனு, காப்பீட்டு விண்ணப்பம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எழுதியும் கொடுக்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மட்டும் நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் என் மகளின் கல்லூரிக் கட்டண ரசீதை ஒரு தடவைகூட நான் முழுசாகப் படித்ததில்லை. அதனால் பட்டது மற்ற பெற்றோருக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு 21 வயது. புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. முதலாண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன ஐப்பசி மழையின்போது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு விடுதிக் காப்பாளர் அம்மா போன் செய்தார். "சார், மூணு நாளா ஜுரம். இன்னிக்கு வாந்தி நிக்கல. பக்கத்து ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம், பயப்படாம வாங்க" என்றார். தம்பியின் பைக்கில் நானும் அவனும் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. டெங்கு. தட்டணுக்கள் 42,000-க்கு இறங்கியிருந்தன. அந்த நேரத்தில் அரசு மருத்துவமனையா தனியாரா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் அருகில் இருந்த இடத்தில் சேர்த்தார்களே, அதற்கு அந்த அம்மாவுக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஐந்து நாளில் பிள்ளை தேறிவிட்டாள். பில் 41,300 ரூபாய்.

என்னிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. நீட்டினேன். "இது தமிழ்நாட்டுத் திட்டங்க. எங்க ஆஸ்பத்திரி அந்தப் பட்டியல்ல இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அட்டை இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனையும் பட்டியலில் இருக்க வேண்டும், செய்கிற சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும். கடலூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் தினமும் பஸ் ஏறி, எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியில் படித்துவிட்டு வருகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரே ஊர் மாதிரிதான். காப்பீட்டுக்கு அது தமிழ்நாட்டுக்கு வெளியே.

அப்போதுதான் மகள் படுக்கையிலிருந்தே சொன்னாள்: "அப்பா, ஃபீஸ்ல இன்ஷூரன்ஸ்னு 450 ரூபா கட்டினோமே." எனக்கு உயிர் வந்தது. கல்லூரி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அது ஆக்சிடென்ட் பாலிசி சார். ஜுரத்துக்கெல்லாம் வராது."

குழு விபத்துக் காப்பீடு என்பது அதன் பெயர். விபத்தில் உயிர் போனாலோ, கையோ காலோ கண்ணோ நிரந்தரமாகப் போனாலோ குடும்பத்துக்கு ஒரு தொகை வரும். சில பாலிசிகளில் விபத்துக்கான மருத்துவச் செலவும் ஓரளவு கிடைக்கும். டெங்கு, மஞ்சள் காமாலை, டைபாய்டு, குடல்வால் அறுவை சிகிச்சை எதுவும் அதில் வராது. அது வேண்டாத பாலிசி என்று நான் சொல்லவில்லை. பைக்கில் போகும் வயசுப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் ரசீதில் வெறுமனே 'இன்ஷூரன்ஸ்' என்று மட்டும் அச்சிட்டால், பெற்றவர்கள் அதை ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு என்றுதானே நினைப்போம்? ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்து அந்த 41,300-ஐக் கட்டினேன். மகனின் கல்லூரிச் சேர்க்கைக்காகப் போட்டு வந்த சீட்டு அது.

அதற்கப்புறம் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்க ஆரம்பித்தேன். படிக்கிற பிள்ளை இருக்கிறதா, அதற்கு என்ன காப்பீடு இருக்கிறது என்று. கேட்கக் கேட்கத்தான் எவ்வளவு ஓட்டைகள் என்று தெரிந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆயுள் சான்றுக்காக நகல் எடுக்க வந்தார். அவர் வேலையில் இருந்தவரை அரசு ஊழியர் காப்பீட்டில் மனைவியும் மகனும் சேர்ந்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை, அல்லது வேலையோ கல்யாணமோ ஆகும்வரை இடம் உண்டு. 60 வயதில் ஓய்வு பெற்றதும் அவர் ஓய்வூதியர் காப்பீட்டுக்கு மாறினார். அதில் ஓய்வூதியரும் அவருடைய துணையும்தான். மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், வயது 20. அவன் காப்பீட்டிலிருந்து விழுந்து 14 மாதம் ஆகிவிட்டது. நான் கேட்ட அன்றுதான் சாருக்கே அது தெரியும். மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடித்தம் போவதைப் பார்த்து, குடும்பத்துக்கே சேர்த்துப் பிடிக்கிறார்கள் என்று இருந்திருக்கிறார். லேட்டாகக் கல்யாணம் ஆகி, லேட்டாகப் பிள்ளை பெற்ற அரசு ஊழியர் வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான் இருக்கும்.

சிப்காட் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், "எங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கு, கவலையில்லை" என்றார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு அது, நல்ல பாதுகாப்பு. ஆனால் இ.எஸ்.ஐ. விதிப்படி படிக்கிற மகனுக்கு மருத்துவ வசதி 21 வயது வரைதான். கல்யாணமாகாத மகளுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. அவருடைய பையன் எம்.பி.ஏ. சேரப் போகிறான். சரியாக அந்த நேரத்தில்தான் அவன் வெளியே போவான்.

ஆய்வேட்டை பைண்டிங் செய்ய வந்த ஒரு முனைவர் பட்ட மாணவரிடமும் கேட்டேன். வயது 28. குடும்ப மருத்துவக் காப்பீடுகளில் பிள்ளைக்கான வரம்பு பெரும்பாலும் 25-தான். முதலமைச்சர் திட்டத்திலும் அப்படித்தான்: வேலை, கல்யாணம், 25 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. அவர் தந்தையின் அட்டையில் இவருக்கு இடமில்லை. வேலைக்குப் போகாததால் கம்பெனிக் காப்பீடும் இல்லை. "ஜுரம் வந்தா மாத்திரை போட்டுக்குவேன் அண்ணே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாமலைநகர், காலாப்பட்டுப் பல்கலைக்கழகங்களில் இவரைப் போல ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? படித்துக்கொண்டே கல்யாணம் ஆன பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். தாலி ஏறிய நாளோடு அப்பா அட்டையிலிருந்து விலகிவிடுகிறார்கள், கணவன் வீட்டு அட்டையில் பெயர் ஏறுவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் உங்கள் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் திட்டத்துக்கு அதுதான் அடிப்படை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், பிரீமியத்தை அரசே கட்டுகிறது. முன்பு 72,000 என்று இருந்த வரம்பைப் பின்னால் உயர்த்தினார்கள். பழைய வரம்பை நினைத்துக்கொண்டு இன்னும் விண்ணப்பிக்காமல் இருக்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அட்டை வந்ததும் பிள்ளை படிக்கும் ஊரில் எந்தெந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டு, அந்தப் பெயர்களைப் பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள். விடுதிக் காப்பாளருக்கும் அனுப்புங்கள். ராத்திரி 11 மணிக்கு முடிவெடுக்கப் போவது அவர்கள்தான்.

வருமானம் அதற்கு மேல் இருக்கிறவர்களுக்கும், என்னைப் போல எல்லைக்கு அப்பால் பிள்ளையைப் படிக்க அனுப்பியவர்களுக்கும் தனிப் பாலிசி தேவைப்படுகிறது. நான் மகளுக்கு 5 லட்சத்துக்கு ஒன்று எடுத்தேன். வருடத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது பெரிய தொகை.

எடுக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. முகவர், "அதை எழுத வேண்டாம் சார், எழுதினா இழுத்தடிப்பாங்க" என்றார். நான் பிடிவாதமாக எழுதச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு நிறுவனங்கள் அதிகபட்சம் 3 வருடம்தான் காத்திருக்கச் சொல்ல முடியும். 2024-க்கு முன் அது 4 வருடமாக இருந்தது. மறைத்து எடுத்தால், நாளைக்கு மூச்சுத்திணறலோடு அவளைச் சேர்க்கும்போது பழைய மருந்துச் சீட்டு ஒன்று போதும், கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பாலிசியையே ரத்து செய்யவும் இடமுண்டு. புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மழைக்காலத்துக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே எடுத்துவிட வேண்டும், ஐப்பசியில் எடுத்துப் பயனில்லை. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் அறை வாடகை வரம்பு என்ன என்ற ஒரு வரியையாவது தேடிப் படியுங்கள். நாளுக்கு 3,000 என்று இருக்கும் பாலிசியை வைத்துக்கொண்டு 4,500 ரூபாய் அறையில் தங்கினால், அந்த 1,500 மட்டும்தான் நம் தலையில் விழும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மருத்துவர் கட்டணம், நர்சிங் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட இடமுண்டு.

கடையில் வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் காகிதம் அச்சடித்துக் கொடுக்கிறேன். ஜெர்மனிக்குப் போகிறவருக்கு, மருத்துவக் காப்பீடு உண்டு என்ற உறுதி பல்கலைக்கழகத்துக்குப் போனால்தான் சேர்க்கையே முடியும். பிரிட்டனுக்கு விசா கேட்கும்போதே மாணவர்கள் வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் விசாக் காலம் முழுவதற்கும் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் காப்பீட்டுத் தொகையைக் கட்டணத்தோடு சேர்த்துவிடுகின்றன. அதற்குச் சமமான பாலிசி கையில் இருக்கிறது என்று கெடுவுக்குள் காட்டினால்தான் விலக்குத் தருவார்கள். அவ்வளவு கட்டாயம் இங்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, அங்கே உயிர் பிழைத்து வந்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்களில் சேர்க்கையின்போதே பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உனக்கு என்ன காப்பீடு இருக்கிறது? என் மகளிடமும் என்னிடமும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

கடலூர், புதுச்சேரிக் கல்லூரி நிர்வாகங்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். சேர்க்கை நாளன்று கட்டண ரசீதோடு, தமிழில், ஒரே ஒரு தாள் கொடுங்கள். நீங்கள் வசூலிக்கும் காப்பீடு விபத்துக்கா, நோய்க்கா? எவ்வளவு தொகைக்கு? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? பாலிசி எண் என்ன, ராத்திரியில் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இவ்வளவு அதில் இருந்தால் போதும். அதே தாளின் பின்பக்கம் பெற்றோரிடம் கேளுங்கள்: பிள்ளையின் பெயர் வேறெந்தக் காப்பீட்டில் இருக்கிறது, அது எந்த வயதோடு முடிகிறது? பதில் எழுத முடியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிடத்தில்தான் அந்த ஆசிரியரைப் போன்றவர்களுக்கு விஷயமே தெரியவரும்.

இப்படியொரு தாளைக் கொடுக்க எந்தக் கல்லூரியாவது முன்வந்தால், தட்டச்சும் முதல் 500 நகலும் என் பொறுப்பு. தாளுக்கும் மைக்கும் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
மஞ்சக்குப்பம், கடலூர்.